நடுமாடியில் ஒரு பென் டிரைவ்

"மேல இருக்குற மகாராஜாகிட்ட சொல்லு, நாளைக்குக் காலையில ஃபைல் வந்தாகணும்னு. அவருக்கு ஒழிஞ்சா" என்றார் பெரியவர்.

"சொல்றேன் அண்ணா."

"ஒழிஞ்சாங்கிறதையும் சேர்த்துச் சொல்லு."

"சேர்த்தே சொல்றேன்."

அத்தை பதினொரு படி ஏறி நடுமாடிக்கு வந்தாள். படிக்கட்டு திரும்பும் அந்தச் சதுரத்தில்தான் அவளுடைய மேசை. உட்கார்ந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். பிறகு இன்னும் பதினொரு படி ஏறி மேல்மாடிக்குப் போனாள்.

"தம்பி, அண்ணன் விசாரிச்சாங்க. நாளைக்குக் காலையில ஃபைல் வந்தா நல்லா இருக்கும்னாங்க. உனக்கு வசதிப்பட்டா போதுமாம்."

சின்னவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "விசாரிச்சாரா? அந்த மனுஷனுக்கு விசாரிக்கவும் தெரியுமா?"

"என்னடா இப்படிக் கேக்கற?"

"போய்ச் சொல்லுக்கா. இது என்ன மாவு மிஷினா, மேல கொட்டினா கீழ விழறதுக்கு? டிசைன்னா என்னன்னு தெரியலைன்னா வாயை மூடிக்கிட்டு இருக்கச் சொல்லு."

மறுபடி பதினொரு படி, ஒரு மடக்குத் தண்ணீர், மறுபடி பதினொரு படி.

"என்ன சொன்னான்?"

"நல்லா வரணும்னா கொஞ்சம் நேரம் பிடிக்குமாம். ஆனா உங்களுக்காகப் பார்க்கறேன்னான்."

"எனக்காகவா?" பெரியவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். "அப்படியா சொன்னான்?"

"ஏறக்குறைய."

பெரியவரின் மகள் அப்போது நடுமாடிப் படியில் உட்கார்ந்திருந்தாள். அந்த இடத்தில் இருந்தால் கீழே பேசுவதும் கேட்கும், மேலே பேசுவதும் கேட்கும். ஒரு முனையில் போட்டது மறு முனையில் என்னவாக வந்து விழுகிறது என்று அன்றைக்குத்தான் அவள் முழுதாகக் கேட்டாள். சிரிப்பை அடக்க முடியாமல் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டாள். அத்தை அவளைப் பார்த்து ஒரே ஒரு பார்வை பார்த்தாள். "என்ன சிரிப்பு? வேலை நடக்குதா இல்லையா?"

வேலை என்னவோ நடந்துகொண்டுதான் இருந்தது. அது பலகை செய்யும் கடை. "தள்ளவும்", "இழுக்கவும்", "தரை வழுக்கும்", "லிஃப்ட் வேலை செய்யவில்லை" என்று ஊரில் நீங்கள் படித்துவிட்டு அலட்சியம் செய்கிற வாசகங்களில் பாதி இங்கேதான் பிறந்தன. மேல்மாடியில் சின்னவர் வடிவமைப்பார். கீழ்த்தளத்தில் பெரியவர் வாடிக்கையாளர்களைப் பார்ப்பார். வெட்டும் மிஷினையும் அவரே ஓட்டுவார். இரண்டுக்கும் நடுவில் இருப்பவள் இருவருக்கும் நடுவில் பிறந்த அத்தை. எழுத்துப்பிழை பார்ப்பதாகத்தான் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். கூரியர்காரர் முதல் எதிர்க்கடைக் கண்ணாடிக்காரர் வரை எல்லாருக்கும் அவள் "நடுமாடி அக்கா".

அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளாமல் எட்டு வருடம் ஆகியிருந்தது. காரணம் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதால் அவர்களும் வெளியே சொல்வதில்லை.

எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மருத்துவமனைக்கு நாற்பது வழிகாட்டிப் பலகைகள் செய்து கொடுத்தார்கள். "எலும்பு முறிவுப் பிரிவு" என்று எழுதி, பக்கத்தில் ஓர் அம்பு. "ரத்தப் பரிசோதனை", பக்கத்தில் ஓர் அம்பு. பலகைகளைப் பெரியவர் இரவு பகலாக வெட்டிக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தார். அம்பு இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் வெறும் கட்டம் இருந்தது. நான்கு பக்கமும் கோடு, நடுவில் ஒன்றுமில்லை. புதுமாதிரி வடிவமைப்பு போலிருக்கிறது என்று நினைத்து அவர் வாயைத் திறக்கவில்லை. ஒரு வாரம் கழித்து மருத்துவமனைக்காரர்கள் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் பாதிக் கட்டங்களில் நோயாளிகள் பேனாவால் டிக் அடித்து வைத்திருந்தார்கள். மகப்பேறு பிரிவுப் பலகையில் பதினேழு டிக்.

"நீ போட்டது கட்டம்" என்றார் பெரியவர்.

"நான் போட்டது அம்பு" என்றார் சின்னவர்.

இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள். உண்மை பேசுகிற இரண்டு பேரைச் சமாதானம் செய்வது லேசான காரியம் இல்லை. அன்றோடு பேச்சு நின்றது. ஆனால் மேலே செய்த ஃபைல் கீழே வந்தாக வேண்டுமே. அப்போதுதான் அத்தை வேலை பார்த்த பள்ளிக்கூடத்தை இன்னொரு பள்ளிக்கூடத்தோடு சேர்த்துவிட்டு, அலுவலகத் தட்டச்சுக்காரி இரண்டு பேர் எதற்கு என்று இவளை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நடுமாடியில் ஒரு மேசை போடப்பட்டது. அவள் கையில் ஒரு பென் டிரைவ் கொடுக்கப்பட்டது. அதை ஒரு பழைய பவுடர் டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டாள்.

முதல் மாதத்திலேயே விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். மேலே சின்னவரிடம் இருப்பது மேக். கீழே பெரியவரிடம் இருப்பது விண்டோஸ். ஒரே ஃபைலை மேலே திறந்தால் அம்பு. கீழே திறந்தால் கட்டம். ஒரு மத்தியானம் முழுக்க ஆறு முறை ஏறி இறங்கிப் பார்த்தாள். அம்பு, கட்டம், அம்பு, கட்டம். கடைசியில் புரிந்தது. அம்பு என்பது ஒரு எழுத்துருவில் இருக்கிற எழுத்து. அந்த எழுத்துரு சின்னவரின் கணினியில் மட்டும் குடியிருந்தது. ஃபைல் கீழே வரும்போது அம்பைத் தூக்கிக்கொண்டு வரவில்லை, அதன் விலாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தது. அந்த விலாசத்தில் கீழே யாரும் இல்லை. ஆள் இல்லாத வீட்டைக் காட்டுகிற மாதிரி ஒரு கட்டத்தைக் காட்டியது.

அத்தையிடம் ஒரு மடிக்கணினி உண்டு. பெரியவரின் மகள் கல்லூரியில் போட்டுத் தேய்த்தது. வேறு எதுவும் ஓடாது என்று ஆனபிறகு அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தாள். எல்லாரும் பயன்படுத்துவது அதுதான் என்று அத்தை வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தாள். சின்னவர் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் அந்த எழுத்துருவைப் பென் டிரைவில் போட்டுக் கொண்டுவந்து தன் கணினியில் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து மேலேயிருந்து வருகிற ஒவ்வொரு ஃபைலையும் நடுமாடியில் ஒருதரம் திறப்பாள். எழுத்தையும் அம்பையும் வெறும் கோட்டுருவமாக மாற்றிவிடுவாள். கோடு எந்தக் கணினியிலும் கோடுதானே. சின்னவர் ஃபைலுக்குப் பெயர் வைக்கிற பழக்கத்தில் "இதாவது பிடிக்குமா???" என்று கேள்விக்குறிகளாகப் போட்டிருப்பார், கீழே இருக்கிற கணினிக்கோ கேள்வி கேட்டால் ஆகாது. அதை "கதவுப் பலகை 3" என்று மாற்றுவாள்.

இதுபோக இன்னொரு வேலை இருந்தது. மேக்கிலிருந்து பென் டிரைவில் எதைப் போட்டாலும் கூடவே அதே பெயரில், முன்னால் ஒரு புள்ளியும் அடிக்கோடும் வைத்த குட்டி ஃபைல் ஒன்று வந்து உட்காரும். அந்தக் கணினி தனக்குத்தானே வைத்துக்கொள்ளும் குறிப்பு அது. யாருக்கும் உபத்திரவம் இல்லை. ஆனாலும் அத்தை ஒன்று விடாமல் தேடி அழிப்பாள். இதற்கு அவள் வைத்த பெயர் பேன் எடுக்கிறது.

"கொஞ்சம் இரு, பேன் எடுத்துட்டு வர்றேன்" என்று கூரியர்காரரிடம் ஒருமுறை சொன்னபோது, அவர் இரண்டடி தள்ளி நின்றார்.

அம்பு கட்டமான ரகசியத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இருவரும் ஒரே நாளில் நல்ல மனநிலையில் இருக்கும்போது சொல்லலாம் என்று காத்திருந்தாள். எட்டு வருடத்தில் அப்படியொரு நாள் அமையவில்லை. அமையவில்லையே என்ற வருத்தமும் நாளாக நாளாகக் குறைந்துபோனது. லாரி ஓட்டுகிற அவள் கணவர் வாரத்தில் வியாழக்கிழமை ஒருநாள்தான் வீட்டில் இருப்பார். மற்ற ஆறு நாளும் அவளுக்கு அந்த மேசைதான். "இருபத்திரண்டு படிக்கு நடுவுல உட்கார்ந்துக்கிட்டு ஒரு ராஜ்யம் நடத்தற" என்பார் அவர். அவள் மறுத்ததில்லை.

அந்த ராஜ்யத்துக்குத்தான் ஆபத்து வந்தது. அதுவும் அன்பினால் வந்தது.

"அத்தை, ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்கறீங்க?" என்று பெரியவரின் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டாள். அவள் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அதிகம் பேசமாட்டாள்; பேசினால் ஏதாவது யோசித்து வைத்திருக்கிறாள் என்று அர்த்தம்.

"யாரு எண்ணினா?"

"நான் எண்ணினேன். நேத்து முப்பத்தொண்ணு. இதெல்லாம் வேண்டாம் அத்தை. மூணு கம்ப்யூட்டரையும் ஒரு கேபிள்ல சேர்த்துடலாம். நடுவுல உங்க லேப்டாப்புல ஒரு ஃபோல்டர் வச்சா, சித்தப்பா மேலேயிருந்து போடுவார், அப்பா கீழேயிருந்து எடுத்துக்குவார்."

"ரெண்டும் வேற வேற ஜாதிக் கம்ப்யூட்டர் ஆச்சே?"

"அது ஒண்ணும் பிரச்சினை இல்லை. ரெண்டுக்கும் புரியற மாதிரி பேசறதுக்கு நடுவுல ஒரு புரோகிராம் இருக்கு."

"புரோகிராமா?" என்று அத்தை தன் பவுடர் டப்பாவைப் பார்த்தாள்.

பெரியவருக்கு இந்த யோசனை தலைகால் புரியாமல் பிடித்துவிட்டது. அதே மருத்துவமனை, எட்டு வருடம் கழித்து, புதுக் கட்டடத்துக்கு நாற்பத்திரண்டு பலகைகள் கேட்டிருந்தது. பழைய நிர்வாகி ஓய்வு பெற்றுப் போய்விட்டார் என்பதுதான் இதற்குக் காரணமாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். வேகம் வேண்டியிருந்தது.

"நல்லதாப் போச்சு" என்றார் பெரியவர். "நீயும் பாவம், ஓடி ஓடி உழைச்சிட்ட. இனிமே வீட்டுல நிம்மதியா இரு. அந்த நடுமாடி இடத்துல ஷீட் அடுக்குறதுக்கு ஒரு ரேக் போட்டுடலாம். வியாழக்கிழமை ஆசாரியை அளவெடுக்க வரச் சொல்லிடறேன்."

அத்தை தலையை ஆட்டினாள். நன்மை செய்கிறவர்களிடம் சண்டை போடுவது எப்படி என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அன்று சாயங்காலமே கேபிள் போடப்பட்டது. "பொது" என்று ஒரு ஃபோல்டர் மேலேயும் தெரிந்தது, கீழேயும் தெரிந்தது. சின்னவர் சோதனைக்காக ஒரு படத்தைப் போட்டார். பெரியவர் கீழே, "வந்துடுச்சு!" என்று கத்தினார். யாரிடமும் பேசாதது போலச் சுவரைப் பார்த்துத்தான் கத்தினார். மறுநாள் திங்கட்கிழமை அத்தை மேசையில் உட்கார்ந்திருந்தாள். பத்து மணிக்குத் தண்ணீர் குடித்தாள். பத்தேகாலுக்கு மறுபடியும் குடித்தாள். ஏறாமல் இறங்காமலேயே பத்தரைக்குள் செம்பு காலியானது.

பதினொரு மணிக்குக் கீழேயிருந்து குரல் வந்தது. "இது என்ன இது?"

பெரியவர் தன் கணினியில் ஒரு காரியம் செய்து வைத்திருந்தார். வாங்கிய அன்றைக்கே தேடிக் கண்டுபிடித்து, மறைந்திருக்கும் ஃபைல்களையும் காட்டு என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தார். என் கடையில் எனக்குத் தெரியாமல் என்ன மறைவு என்பது அவர் கட்சி. சின்னவர் பத்து ஃபைல் போட்டிருந்தார். பெரியவர் திரையில் இருபது இருந்தது. புள்ளியும் அடிக்கோடுமாகப் பத்துப் பேன்.

அவருக்கு அது பேன் என்று தெரியாது. ஒவ்வொரு ஃபைலுக்கும் பக்கத்தில் தம்பி ஓர் ஒற்றனை நிறுத்தி வைத்திருக்கிறான் என்று முடிவு கட்டினார். பத்தையும் அழித்தார். மத்தியானம் சின்னவர் பத்து ஃபைலையும் திருத்தி மறுபடி போட்டார். பத்து ஒற்றர்களும் திரும்பி வந்து நின்றார்கள். கேள்விக்குறி போட்ட ஃபைல் ஒன்று பெரியவர் திரையில் பாதிப் பெயர் தின்றுபோய், நடுவில் ஓர் அலைக்கோட்டோடு தெரிந்தது. "சங்கேத பாஷையிலேயே திட்டறான்" என்று வாடிக்கையாளர் ஒருவரிடமே சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை பொது ஃபோல்டருக்குள் "குறிப்பு" என்று ஒரு புது ஃபைல் முளைத்திருந்தது. அத்தை அதைத் தன் கணினியில் திறந்து பார்த்தாள். எட்டு வருடத்தில் அண்ணன் தம்பிக்கு நேராகச் சொன்ன முதல் வாக்கியம் அது. வாழ்நாளெல்லாம் பலகை செய்தவர் ஆதலால் பலகை மாதிரியே எழுதியிருந்தார்.

"இங்கே குப்பை போடாதீர்."

கொஞ்ச நேரத்தில் அடியில் பதில் வந்தது. "குப்பை எதுவும் போடப்படவில்லை. இங்கே ஒன்றும் தெரியவில்லை."

தெரியாதுதான், மேக் தன் பேனைத் தனக்குக் காட்டாது.

"கண் உள்ளதா?"

"உள்ளது. இரண்டு."

"கண் இருந்தும் பயன் இல்லை."

"கீழ்த்தளத்தில் இருப்பவர்களுக்கு மேலே உள்ளது புரியாது."

சாயங்காலத்துக்குள் குறிப்பு மூன்று பக்கம் ஆனது. அதோடு நிற்கவில்லை. பெரியவர் மிஷினில் ஒரு பலகை வெட்டிப் படிக்கட்டின் அடியில் மாட்டினார்: "பிறர் கணினிக்குள் எட்டிப் பார்ப்பது குற்றம்." அரைமணி நேரத்தில் சின்னவர் காகிதத்தில் அச்சடித்து மேல்படியில் ஒட்டினார்: "கவனம். கீழே தாழ்ந்த சிந்தனை." கூரியர்காரர் அவசரத்தில் முதல் மூன்று சொல்லை மட்டும் படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டே இறங்கினார்.

"என்னக்கா, நீங்க வேலையை விட்டுட்டீங்களா?" என்று கேட்டார்.

"வேலைதான் என்னை விட்டுடுச்சு" என்றாள் அத்தை. பேனைப் பற்றி யாராவது கேட்டால் சொல்லலாம் என்று இருந்தாள். யாரும் கேட்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் மருத்துவமனை ஃபைல் பொது ஃபோல்டரில் வந்து இறங்கியது. நாற்பத்திரண்டு பலகை, நாற்பத்திரண்டு அம்பு. நடுமாடியில் நிற்காமல், கோட்டுருவமாக மாறாமல், நேராகக் கீழே போன முதல் அம்புகள்.

கீழே பெரியவர் ஃபைலைத் திறந்தது அவர் பெருமூச்சிலேயே தெரிந்தது. "மறுபடியும் கட்டம்!"

குறிப்பு ஃபைலில் வாசகங்கள் விழுந்தன.

"கட்டம் உள்ளது."

"கட்டம் இல்லை. அம்பு உள்ளது. சரிபார்க்கப்பட்டது."

"நாற்பத்திரண்டு கட்டம் உள்ளது."

"அம்பு உள்ளது. வெட்டவும்."

"வெட்டுவேன்."

"வெட்டவும்."

கீழே பெரியவர் ஷீட்டை இழுக்கும் சத்தம் கேட்டது. கூடவே உரக்கப் பேசிக்கொள்வதும் கேட்டது. "அவன் கட்டம் போட்டா நான் கட்டமே வெட்டறேன். அப்படியே கொண்டுபோய் மாட்டறேன். ஊரே வந்து டிக் அடிக்கட்டும். அப்பத் தெரியும் யார் தப்புன்னு."

அத்தை மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சும்மா இருந்தால் போதும். கட்டங்கள் வெட்டப்படும். பழி பொது ஃபோல்டரின் தலையில் விழும். கேபிளைப் பிடுங்கிச் சுருட்டி வைப்பார்கள். ஆசாரியைத் திருப்பி அனுப்புவார்கள். "அந்தப் பென் டிரைவ் எங்கே?" என்று மேலேயிருந்தும் கீழேயிருந்தும் கேட்பார்கள். இதற்கெல்லாம் அவள் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. பேசாமல் இருப்பதில் அவளுக்கு எட்டு வருடத் தேர்ச்சி இருந்தது.

மிஷின் உறுமத் தொடங்கியது. முதல் பலகை எலும்பு முறிவுப் பிரிவு. ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டு ஒருவர் வந்து, கட்டத்தைப் பார்த்து, பேனா இருக்கிறதா என்று பையைத் தடவுவது அத்தையின் கண்முன் வந்தது. போதாததற்கு, கேபிள் போட்ட பெண்ணின் முகமும் வந்தது. முப்பத்தொன்று என்று எண்ணியவள் அவள் ஒருத்திதான்.

"சனியன்" என்று அத்தை சொன்னாள். யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பதினொரு படியையும் நான்கு தாவலில் இறங்கி, மிஷினின் பிளக்கைப் பிடுங்கினாள்.

"என்ன பண்ற நீ?" என்றார் பெரியவர்.

அத்தை படிக்கட்டைப் பார்த்துத் திரும்பிக் கத்தினாள். "டேய் தம்பி! கீழ வாடா!"

அந்தக் குரலை அந்தக் கட்டடம் அதுவரை கேட்டதில்லை. எதிர்க்கடைக் கண்ணாடிக்காரர் எட்டிப் பார்த்தார். சின்னவர் ஒரு காலில் மட்டும் செருப்போடு வந்து நின்றார். அத்தை பெரியவரின் திரையைக் காட்டினாள்.

சின்னவர் குனிந்து பார்த்தார். "இது என்ன கட்டம்?"

"அதைத்தானே கேக்கறேன்!" என்றார் பெரியவர்.

சொன்னபிறகுதான் தம்பியிடம் நேராகப் பேசிவிட்டது அவருக்கே உறைத்தது. வாயை மூடிக்கொண்டார். ஆனால் பேசியது பேசியதுதான்.

"நான் அம்புதான் போட்டேன். சத்தியமா."

"மேல வாங்க ரெண்டு பேரும்" என்றாள் அத்தை.

இருபத்திரண்டு படி ஏறி மேலே வந்தபோது பெரியவருக்கு மூச்சு வாங்கியது. சின்னவரின் திரையில் நாற்பத்திரண்டு அம்புகள் அழகாக வலமும் இடமும் பார்த்துக்கொண்டிருந்தன. பெரியவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"ஃபேன் மாத்திட்டியா?"

"அஞ்சு வருஷம் ஆச்சு."

அத்தை விஷயத்தைச் சொன்னாள். எழுத்துரு, விலாசம், ஆளில்லாத வீடு, கோட்டுருவம், பேன், எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவரும் சேர்ந்து அவள் பக்கம் திரும்பினார்கள். எட்டு வருடத்தில் அவர்கள் ஒன்றுசேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான்.

"இது உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?" என்றார் பெரியவர்.

"ஏழு வருஷம் பதினோரு மாசமா."

"ஏன்க்கா சொல்லலை?"

"யார் தப்பு, யார் தப்புன்னுதான் ரெண்டு பேரும் கேட்டீங்க. என்ன ஆச்சுன்னு ஒருத்தரும் கேக்கலையே?"

சின்னவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். பெரியவருக்கு வேறு ஏதோ தோன்றிவிட்டது. "இருடா. போன வாரம், எனக்காகப் பார்க்கறேன்னு நீ சொன்னியாமே?"

"நானா? நான் எப்போ சொன்னேன்?"

"போன வருஷம் எனக்கு மூட்டுவலின்னதும் ரொம்ப வருத்தப்பட்டியாமே?"

"உங்களுக்கு மூட்டுவலியா?"

அத்தை சுவரில் இருந்த நாள்காட்டியைப் படிக்க ஆரம்பித்தாள்.

"அப்போ பள்ளிக்கூடப் பலகை" என்றார் சின்னவர் மெதுவாக. "என் வாழ்நாள்ல இப்படி ஒரு டிசைன் பார்த்ததில்லைன்னு நீங்க சொன்னதா அக்கா வந்து சொன்னாளே. அதுவும் புளுகுதானா?"

புளுகுதான். பெரியவர் அன்று சொன்னது, "இதை விட நல்லா கோழி கிறுக்கும்" என்பது. அத்தை நாள்காட்டியிலிருந்து கண்ணை எடுத்து அண்ணனைப் பார்த்தாள். பெரியவர் அவளைப் பார்க்கவில்லை. ஃபேனைப் பார்த்தார்.

"அது... நான் சொன்னதுதான்" என்றார். "ஏறக்குறைய."

அன்று மாலை அத்தை நடுமாடியில் உட்கார்ந்து நாற்பத்திரண்டு அம்பையும் கோட்டுருவமாக மாற்றினாள். இரண்டு பேரும் அவள் கழுத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, அப்படி இல்லை, இப்படி இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வெள்ளிக்கிழமை பலகைகள் போய்ச் சேர்ந்தன. இன்றுவரை யாரும் எதிலும் டிக் அடிக்கவில்லை.

வியாழக்கிழமை ஆசாரி வந்ததும் உண்மை. அடுத்த வாரம் ரேக்கும் வந்தது. ஆனால் அது ஒன்றரை அடி குறுகலாக வந்தது. மேசையும் இருந்தது, ரேக்கும் இருந்தது. அத்தை கொஞ்சம் ஒருக்களித்து உட்கார வேண்டியிருந்தது, அவ்வளவுதான். "ஆசாரி அளவைத் தப்பா எடுத்துட்டான்" என்று பெரியவர் முணுமுணுத்தார். ஆசாரி கதவருகில் அத்தையிடம், "நான் சரியாத்தாம்மா எடுத்தேன். அவர்தான் ரெண்டாவது தடவை வந்து குறைச்சுச் சொன்னார்" என்றார்.

மேசை தப்பித்தது. அத்தையின் வேலை தப்பித்ததா என்றால், அது வேறு கதை. எழுத்துருவைக் கீழேயும் போட்டாகிவிட்டது. பெரியவரின் மகள் அப்பாவை உட்கார வைத்து, மறைந்திருப்பதைக் காட்டும் டிக்கை எடுக்க வைத்தாள். அவர் ஒரு சொத்தை எழுதிக் கொடுக்கிற முகத்தோடு எடுத்தார். பொது ஃபோல்டர் சொன்னபடி ஓடியது. எழுத்துப்பிழை பார்க்க வேண்டியதை அத்தை உட்கார்ந்த இடத்திலேயே பார்த்தாள். அண்ணனும் தம்பியும் எட்டு வருடப் பாக்கியைப் படிக்கட்டு வழியாக நேருக்கு நேர் கத்தித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். "ஏன்டா, இது பலகையா பல்லாங்குழியா?" என்று ஒன்று கீழேயிருந்து போகும். "உங்க கண்ணாடியை மாத்துங்க முதல்ல!" என்று ஒன்று மேலேயிருந்து வரும். எல்லாம் அத்தையின் தலைக்கு மேலேயே போயின. ஒன்றையும் பிடித்துத் துடைத்து அனுப்ப வழியில்லை.

ஒரு சனிக்கிழமை பெரியவரின் மகள் நடுமாடிப் படியில் வந்து உட்கார்ந்தாள். அத்தை பவுடர் டப்பாவைத் திறந்து பென் டிரைவை எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்து, திரும்ப உள்ளே வைத்தாள். கீழே எட்டிப் பார்த்தாள். மேலே எட்டிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். யாருகிட்டயும் சொல்லக்கூடாது."

"சொல்லுங்க அத்தை."

"அந்தப் பொது ஃபோல்டர் நல்லாத்தான் ஓடுது, நான் குறை சொல்லலை. ஆனா மாசத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், அது ஓடாம நிக்கிற மாதிரி ஏதாவது பண்ணித் தர முடியுமா? பெரிசா ஒண்ணும் வேண்டாம், ஒரு மத்தியானம் போதும். வியாழக்கிழமை மட்டும் வேண்டாம்டி, அன்னைக்கு உங்க மாமா வந்துடுவார்."